பாதுகாப்பாக நிறுத்தப்படுகிறது

எதையும் சட்டென்று நிறுத்துவது எனக்குப் பிடிக்காது, மச்சான். என் தொழில் அப்படி. ஓடுகிற கணினி நிரலைக் கண்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்திப் பாதியில் நிறுத்தினால், சாப்பாட்டின் நடுவில் எழுந்து போன விருந்தாளியின் தட்டு மாதிரி எல்லாம் அப்படியே கிடக்கும். அதனால் அந்த இரண்டு விசைகளையும் நிரலே கவனித்து, கையிலிருக்கிற வேலையை முடித்து, கோப்புகளை மூடிவிட்டு நிற்கும்படி எழுதுவேன். ஏதாவது தப்பாக ஓடினால் இதை அழுத்து, பயப்படாதே என்று உங்கள் தங்கைக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

மகள் இறந்துபோன பிறகு அவள் கைபேசியிலிருந்த குரல் பதிவுகளை வீட்டுக் கணினிக்கு மாற்றிக்கொடுத்ததும் நான்தான். சிரிப்பு, சண்டை, தோழிகளோடு வம்பு. உங்கள் தங்கை வரிசையாகக் கேட்கத் தொடங்கினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அடுப்பில் கருகுவதுகூடத் தெரியாது. தூக்கமில்லை, என்னோடு பேச்சுமில்லை. பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அவள் பிழைக்க வேண்டுமென்றால் அவை போக வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

ஒரு ஞாயிறு, அவள் குளிக்கப் போனதும், அழிக்கும் நிரலை ஓடவிட்டேன். தலை துவட்டிக்கொண்டே வந்தவள் பதிவுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்துவிட்டாள். ஓடிவந்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே, இரண்டு விசைகளையும் அழுத்தினாள்.

அழுத்துவாள் என்று எனக்குத் தெரியும். அதற்கும் எழுதி வைத்திருந்தேன். பெயர்கள் மறைவது நின்றது. ‘பாதுகாப்பாக நிறுத்தப்படுகிறது, பொறுக்கவும்’ என்று திரையில் வந்தது. உள்ளே அழிப்பு தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது.

“நின்னுடுச்சாங்க?” என்றாள். விசைகளிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“நின்னுடுச்சு. மிச்சத்தைக் காப்பாத்திட்டு மூடும். கொஞ்சம் பொறு.”

என் தோளில் சாய்ந்துகொண்டு பொறுத்தாள். நல்லவேளை, நல்லவேளை என்றாள். மகள் போனதிலிருந்து அன்றுதான் என்னைத் தொட்டாள். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பில்லை.

அவள் நிம்மதிக்காகவா செய்தீர்கள் என்று கேட்கிறீர்கள். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதைச் சொல்லவும் அலுப்பாக இருக்கிறது. அவள் கேட்டுக்கேட்டு மகளின் கடைசி மாதப் பதிவுகளுக்கு வந்துவிட்டிருந்தாள், மச்சான். கடைசி நாளில் மகள் எனக்கு அனுப்பியது ஒன்று உண்டு. “அப்பா, இன்ஹேலர் காலியாயிடுச்சு. மூச்சு விட முடியலப்பா. சீக்கிரம் வாங்க.” அலுவலகத்தில் அதை அப்போதே கேட்டேன். பள்ளிக்கு மட்டம் போட நாடகமாடுகிறாள் என்று நினைத்துக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். மகளிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னேன்.

பதிவுகளுக்கு வரிசை எண் இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் எடுத்திருந்தால் அது எங்கே என்று கேட்டிருப்பாள். எல்லாமே போய்விட்டால் ஒன்றை மட்டும் யார் தேடப்போகிறார்கள்?