கூரைக் கண்ணாடிக்கு ஒன்பது வலை

விளக்கு வாங்கத் தெரியாதவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து எழுதிக்கொள்ள வேண்டாம். சாதாரண பல்பு வாங்கப் போனாலும் வெள்ளையா மஞ்சளா என்று அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் எங்கள் வீட்டு ஹோல்டருக்குப் பொருந்தாததை வாங்கிக்கொண்டு வருவேன். தொழில் என்னவோ லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை. அப்படிப்பட்டவனுக்குப் பவளம் வளர்க்க ஆசை வந்தது.

நகைக்கடைப் பவளம் இல்லை, உயிருள்ள கடல் பவளம். வரவேற்பறையில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத் தண்ணீர், உள்ளே பதினொரு பவளத் துண்டுகள். பார்க்கக் கல் மாதிரி இருக்கும், ஆனால் உயிர். பெரும்பாலும் வெளிச்சத்தைத் தின்றுதான் பிழைக்கும். வெளிச்சம் குறைந்தால் நிறம் மங்கிப் பழுப்பாகும். திடீரென்று கூடினால் வெளுத்துச் செத்துப்போகும். அதற்கு ஏற்ற விளக்கைத் தேர்ந்தெடுப்பதற்குள் எனக்கு இரண்டு வருஷம் போய்விட்டது.

முதலில் டியூப் லைட் போட்டேன். பவளம் பழுப்பாகி, காய்ந்த ரொட்டித்துண்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. அடுத்தது மெட்டல் ஹாலைடு என்ற பெரிய விளக்கு. அது வெளிச்சத்தோடு சூட்டையும் தாராளமாகத் தந்தது. தொட்டித் தண்ணீர் வெந்நீரானது, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சுடா, மழைக்காலத்துல இதுக்குக் கீழ துணி காயப்போட்டுக்கலாம்" என்றாள். மூன்றாவதாக, போனிலிருந்தே கூட்டிக் குறைக்கக்கூடிய எல்இடி வாங்கினேன். ஊதா நீலத்தில் வீடே மிதந்தது. "தம்பி, இந்த வெளிச்சத்துல உன்னைப் பார்த்தா செத்து ரெண்டு நாள் ஆனவன் மாதிரி இருக்கே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சொன்னால் எனக்குக் கோபமே வராது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஒன்பது வயது பெரியவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்குப் பத்து வயது. தையல் மெஷினை மிதித்து என்னைப் படிக்க வைத்தாள். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ள அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை, எனக்குத் தைரியம் வரவில்லை. வீடு அவள் பெயரில். மேல்மாடி அறையில் அவளுடைய மெஷின், வெட்டும் மேஜை, நூல்கண்டுப் பெட்டிகள். அந்த அறையின் கூரையில் வட்டமாக ஒரு பால் கண்ணாடி பதித்திருக்கும். காலை முதல் மாலை வரை வெயில் அதன் வழியாக நேராக மெஷின் மேல் விழும். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைக்க அந்த ஒரு அறையில்தான் முடியும் என்பாள்.

மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். நீல வெளிச்சத்தில் பவளத்தின் நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று எந்நேரமும் ஆரஞ்சு நிறக் கண்ணாடி போட்டிருப்பார். நாங்கள் அவரை ஆரஞ்சுக்கண்ணாடி என்போம். நான்காவது விளக்கு கேட்டு நான் போய் நின்றதும் அவருக்கே பாவமாகிவிட்டது.

"சார், நீங்க எத்தனை விளக்கு மாத்தினாலும் சூரியனுக்கு ஈடாகாது. வீட்டுல மேலயிருந்து வெயில் விழற ரூம் ஏதாவது இருக்கா?"

இருந்தது.

"அப்ப தொட்டியை அங்க மாத்திடுங்க. ஆனா ஒரேயடியா வெயில்ல வெச்சிடாதீங்க, கருகிடும். கண்ணாடிக்கு மேல கொசுவலையை அடுக்கடுக்காப் போட்டு, வாரத்துக்கு ஒண்ணா எடுங்க. அதுக்கே தெரியாம பழகிக்கும்."

அன்று சாயங்காலமே அக்காவிடம் கேட்டேன். மறைமுகமாக எல்லாம் இல்லை, நேராகவே கேட்டேன். அவள் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"போடா. கண்ணு தெரியற வரைக்கும் இந்த ரூமை விட மாட்டேன். அப்புறம் நீ மீன் வளர்த்துக்கோ, யானை வளர்த்துக்கோ."

வேறு யாராக இருந்தாலும் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது ஒரு தேதி மாதிரி கேட்டது. அக்காவுக்கு அறுபத்தொன்று. கண் எப்படியும் ஒரு நாள் மங்கத்தான் போகிறது. பவளம் அதுவரை தாங்காது. ஆகவே தேதியைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவர வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூரையில் ஏறி, கண்ணாடியின் அளவுக்கு வட்டமாக வெட்டிய கொசுவலை ஒன்றைப் போட்டு, ஓரங்களில் ஒட்டினேன். பால் கண்ணாடி என்பதால் உள்ளேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அக்கா குளிக்கப் போனபோது லைட் மீட்டரை மெஷின் மேல் வைத்து அளந்தேன். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அக்கா வந்து உட்கார்ந்து வழக்கம்போல் தைத்தாள். ஆரஞ்சுக்கண்ணாடி விஷயம் தெரிந்தவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வாரத்துக்கு ஒரு வலை ஏறியது. சாயங்காலத்துக்கு அவள் மேஜை விளக்கிலும் நானே புது பல்பு மாட்டிக் கொடுத்தேன், போனில் குறைக்கக்கூடியது. நாளுக்கு ஒரு சதவீதம். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகத் தேர்ந்தெடுத்த ஒரே விளக்கு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

எதற்காக ஞாயிறுதோறும் கூரை ஏறுகிறேன் என்று எதிர்வீட்டுக்காரி கேட்டதற்கு அக்கா சொன்ன பதில் கூரை வரைக்கும் கேட்டது. "எனக்காகக் கண்ணாடி துடைக்கிறான். வயசான காலத்துல பாவம், சொன்னாலும் கேக்க மாட்டேங்கறான்." எனக்கு அன்று ரொம்ப வெட்கமாக இருந்தது. கையில் இருந்த நான்காவது வலையை ஒட்டி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

மூன்றாவது வாரம் மூக்குக்கண்ணாடியை மாற்றியிருந்தாள். ஐந்தாவது வாரம் துணி வெட்டினால் ஓரம் பிசிறுகிறது என்றாள். "கத்திரி மழுங்கலைடா. போன மாசம்தான் சாணை பிடிச்சேன். என் கைதான் தடுமாறுது" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது வாரம் பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு யூனிஃபார்ம் பேன்ட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. முப்பது வருஷ வாடிக்கை. அவர் திட்டாமல் அதை மடித்து மேஜை மேல் வைத்தார், அதுதான் அக்காவை உலுக்கிவிட்டது. அவர் போனபிறகு படியில் உட்கார்ந்து அழுதாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கீழ சமையல் பண்ணும்போது நல்லாத்தானே தெரியுது, மேல வந்து உக்கார்ந்தா ஏண்டா இப்படி?"

"கத்திரிக்காய் பெரிசு அக்கா, ஊசிக்காது சின்னது" என்றேன். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கே கொஞ்சம் நியாயமாகத்தான் பட்டது.

ஒன்பதாவது வலை போட்ட வாரம், மெஷின் மேல் உறையைப் போட்டு மூடினாள். "எடுத்துக்கோடா ரூமை. எனக்கு இனிமே அது எதுக்கு?" என்றாள். நான் கேட்டது அவ்வளவுதான். அத்தோடு நின்றிருந்தால் உங்களுக்கும் இந்த வேலை மிச்சம்.

ஆனால் அக்கா அப்படி விடுகிற ஆள் இல்லை. கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். நானே கூட்டிப் போனேன். டாக்டரம்மா சோதித்துவிட்டு, புரை லேசாகத் தொடங்கியிருக்கிறது, அவசரமே இல்லை என்றார். வெளிச்சமான அறை அது, கடைசி வரி எழுத்துவரை அக்கா படித்துவிட்டாள். படித்துவிட்டு, "இங்க தெரியுது டாக்டர், வேலைக்கு உக்கார்ந்தா தெரியலை. ஆபரேஷன் பண்ணிடுங்க, நான் தைக்கணும்" என்று கெஞ்சினாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "வீட்டுல வெளிச்சமெல்லாம் எப்படி?" என்று கேட்டார்.

"கூரையிலேயே கண்ணாடி டாக்டர். வாராவாரம் நானே ஏறித் துடைக்கிறேன்" என்றேன்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பெருமையாகத் தலையாட்டினாள். இவ்வளவு சிரமம் என்றால் செய்துவிடலாம், முதலில் வலது கண் என்றார் டாக்டரம்மா. வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன், திறக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் புரை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதே. இன்றைக்கு இல்லாவிட்டால் ஐந்து வருஷத்தில் செய்துகொள்ளத்தான் வேண்டும். நல்ல காரியம்தானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. எனக்குக் கவலை வேறு. கண் தெளிந்தால் அறையைத் திரும்பக் கேட்பாள். தொட்டி அதற்குள் மேலே போய்விட்டால் கேட்க மனசு வராது, அக்கா அப்படி. அதனால் மூன்றாம் நாளே கம்பெனி ஆட்கள் இரண்டு பேரை வரவழைத்து, தொட்டியைக் காலி செய்து மேலே ஏற்றினேன். பவளங்களைச் சூடு குறையாமல் வாளிகளில் வைத்திருந்தேன். அக்கா கீழே பின்னறையில் படுத்திருந்தாள்.

காலை பத்து மணிக்குக் கூப்பிட்டாள். "தம்பி, கண்ணு வலிக்குதுடா." ஆபரேஷன் செய்தால் கொஞ்சம் வலிக்கும் அக்கா என்றேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். இரண்டு மணிக்கு, "குடைஞ்சு எடுக்குதுடா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றாள். வலித்தால் உடனே வர வேண்டும் என்று சீட்டில் தடித்த எழுத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள், படித்திருக்கிறேன். ஆனால் தொட்டியில் தண்ணீர் பாதிதான் ஏறியிருந்தது. வாளியிலுள்ளதை அப்படியே போட்டுவிட்டுப் போக முடியாது, தண்ணீர் ஆறினால் பதினொன்றும் செத்துவிடும். "காலையில முதல் வேலையா போயிடலாம் அக்கா" என்றேன். சரி என்றாள். என் வேலையைக் கெடுக்கக் கூடாது என்று அதற்குமேல் அவள் கூப்பிடவில்லை.

காலையில் போனோம். உள்ளே கிருமி புகுந்திருக்கிறது, நேற்றே வந்திருக்கலாமே என்றார் டாக்டரம்மா. வலது கண் போய்விட்டது. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதேன். அது நடிப்பு இல்லை, அங்கே விசாரித்துப் பாருங்கள்.

பவளம் பதினொன்றும் பிழைத்துக்கொண்டன. கூரையில் வலை ஏற்கெனவே ஒன்பது அடுக்கு இருந்ததால் தனியாகப் போட வேண்டியிருக்கவில்லை. அதைச் சாமர்த்தியம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வாரம் ஒன்றாக எடுத்தேன். எடுத்ததை நன்றாக உதறி, மடித்து, அறை மூலையில் அடுக்கினேன். நிறம் ஏறத் தொடங்கியது. பச்சை, ஊதா, பெயர் தெரியாத ஒரு சிவப்பு. இரண்டு வருஷமாக மூன்று விளக்குகள் செய்யாததை அந்த வெயில் ஒன்பது வாரத்தில் செய்தது.

கடைசி வலையை எடுத்த மறுநாள்தான் அக்கா மேலே வந்தாள். "என்னமோ கலர் வந்திருக்குன்னு சொன்னியே, காட்டேன்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். தொட்டியை அவள் பார்க்கவே இல்லை. கூரையைப் பார்த்தாள். தன் ரவிக்கை ஓரத்தில் எப்போதும் குத்தி வைத்திருக்கிற ஊசியை உருவினாள், மூடியிருந்த மெஷினின் உறைக்கு அடியில் கையை விட்டு நூல் எடுத்தாள். மிச்சமிருந்த அந்த ஒரு கண்ணால், ஒரே தடவையில் கோர்த்துவிட்டாள்.

"தம்பி, எனக்குத் தெரியுதுடா" என்றாள். குரலில் சந்தோஷம்தான் இருந்தது. என்னைக் கட்டிப்பிடிக்கத்தான் திரும்பினாள் என்று நினைக்கிறேன். திரும்பும்போது மூலையில் அடுக்கியிருந்தது கண்ணில் பட்டது.

ஒவ்வொன்றாக எடுத்து விரித்தாள். ஒன்பதும் வட்டம். தலைக்கு மேலே கண்ணாடியும் வட்டம். தையல்காரியிடம் அளவைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். ரொம்ப நேரம் தடவினாள்.

"இதை என் கத்திரியாலயாடா வெட்டினே?"

ஆமாம் என்றேன். துணி தவிர வேறெதையும் அதால் வெட்டக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே என் காதில் ஓதியவள். கண்ணைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழே இறங்கிப் போய், தானே எண்களைப் பார்த்து ஸ்டேஷனுக்குப் போன் செய்து, உங்களை வரச் சொன்னாள்.

நான் செய்தேன் மேடம். எல்லாம் நான்தான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்களே, கண் போன அன்றே ஒன்பதையும் ஒரேயடியாகப் பிடுங்கிக் குப்பையில் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே, ஏன் வாரம் ஒன்றாக எடுத்துக்கொண்டிருந்தாய் என்று. நீங்கள் பவளம் வளர்த்ததில்லை, அதனால்தான் கேட்கிறீர்கள். திடீரென்று வெளிச்சம் பட்டால் அது தாங்காது. ஒரு உயிர் விஷயத்தில் நான் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை.