பிரெஞ்சுக்காரன் எர்ரமூன்

— கசூசாம்மா, திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீங்க. உங்க மகன் எர்ரமூன் துப்பாக்கியைக் கீழ வைக்கட்டும். மத்ததை எங்க பிரெஞ்சுக் கான்சல் பாத்துக்குவார்.

— நாலஞ்சு வருஷம் முன்னாடி இதே தூதரக மாடியில இருந்து நம்ம பிள்ளைங்களைத் துப்பாக்கி எடுக்கச் சொன்னதும் நீங்கதானே, தெல்பெஷ் தம்பி?

— அப்ப பிரான்சுக்கும் புவனோஸ் அயர்ஸை ஆள்றவனுக்கும் பகை. இப்ப ஒப்பந்தம் ஆயிடுச்சு.

— உங்களுக்கு ஆயிடுச்சு. அவன் ஏவிவிட்ட பட்டாளம் இந்த மொண்டேவிடியோ ஊரைச் சுத்தி ஒரு வருஷத்துக்கு மேலா முற்றுகை போட்டு உக்காந்திருக்கு. அதுங்களுக்கு யாரும் சொல்லலையா?

— அது இந்த நாட்டுக்காரங்க சண்டை. நாம விருந்தாளிங்க.

— விருந்தாளியா. பிரான்சுல பயோன் துறைமுகத்துல எங்களைக் கப்பலேத்தினவன் கோதுமை ரொட்டியும் மாடும் நிலமும்னு சொன்னான். இங்க வந்தா மாடறுத்து உப்புக்கறி போடுற கொட்டடியில கணுக்கால் அளவு ரத்தத்துல நிக்கிற வேலை. என் வீட்டுக்காரர் அதுலயே போய்ச் சேந்தார். இந்த நாலு மாட்டை வாங்குறதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிப்போச்சு.

— பழசெல்லாம் எதுக்கு? தொப்பியில நம்ம மூவண்ணக் கொடிச் சின்னத்தைக் குத்திக்கிட்டு உங்க மகன் சுடுறான். பதில் சொல்றது பாரிஸ்ல மந்திரி. அதான் உத்தரவு வந்திருக்கு. துப்பாக்கி வச்சிருக்கிறவன் இனிமே பிரெஞ்சுக்காரன் இல்ல.

— அங்க மலையில எங்க பாஸ்க் இனத்துப் பசங்களைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கிட்டுப் போனப்போ மட்டும் பிரெஞ்சுக்காரங்களா இருந்தாங்க.

— நல்லதுக்குத்தான் சொல்றேன். ஊர் மதிலுக்கு வெளியே உங்க பண்ணை சும்மாதானே கெடக்கு? கதவுல நம்ம கொடியைக் கட்டிட்டு அவன் பாட்டுக்குப் பால் கறக்கட்டும். ஒருத்தனும் கிட்ட வர மாட்டான். முற்றுகை போட்டிருக்கிற பட்டாளத்துத் தளபதியே வாக்குக் குடுத்திருக்கார்.

— யாருக்கு?

— கான்சலுக்குத்தான். விருந்துல, எல்லார் முன்னாலயும்.

— நீங்க கேட்டீங்களா?

— ரெண்டு நாற்காலி தள்ளித்தான் இருந்தேன்.

— என்ன போட்டாங்க?

— என்ன கேள்வி இது... வாத்துக்கறி.

— சரி.

— அப்ப போய்ச் சொல்லுங்க. முரடன்தான், ஆனா நீங்க சொன்னா கேப்பான்.

— கேட்டான், தம்பி. நீங்க பாதிரியார்கிட்ட சொல்லியனுப்பினதை நான்தான் அவன்கிட்ட சொன்னேன். கூட்டாளிங்க காறித் துப்பினாங்க. தொடைச்சுக்கிட்டுத் துப்பாக்கியைக் குடுத்துட்டு, பண்ணைக்குப் போய்க் கொடியைக் கட்டினான். இன்னைக்குக் காலையில அந்தத் தளபதியோட ஆளுங்க அவன் கழுத்தை அறுத்து, அந்தக் கொடியிலயே சுருட்டி மதில் வாசல்ல போட்டுட்டுப் போயிருக்காங்க. பால் வண்டியில ஏத்திக்கிட்டு வந்திருக்கேன், கீழ நிக்குது. உங்க பிரெஞ்சுக்காரனை இறங்கி வந்து வாங்கிக்குங்க.