மண்ணிலிருந்து எடுத்த மட்ஃபிளாப்

எழுதிப் பழகாதவன் எழுதத் துணிந்திருக்கிறேன். குற்றம் குறைகளைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். எங்கள் பள்ளி ஆசிரியர் குடியிருப்பில் மின்சாரம் நின்றுபோன ஓர் இரவு, ஒற்றை மெழுகுவத்தியைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்திருந்த எங்கள் ஐவருக்கு நண்பர் முகோயா சொன்னது இது. நடந்தது அவருடைய சித்தப்பா மகன் கிடுடுவுக்கு.

காலை ஆறரை மணி. எல்கான் மலைச்சரிவின் செம்மண் சாலை. ஆள் அரவம் இல்லை… போன வருடம் மலை சரிந்து மூடிய இடத்துக்கு வந்ததும் கிடுடு வண்டியை நிறுத்தினான். இரவு மழையில் மண் சற்றே கரைந்து, ஒரு கறுப்பு நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ரப்பர். லாரி டயரில் வெட்டி, சக்கரச் சேறு தெறிக்காதிருக்க வண்டியின் பின்னால் தொங்கவிடும் கனமான மட்ஃபிளாப். வெள்ளைப் பெயிண்டில் ஒரு பெயர்: வதேயா.

வதேயாவும் கிடுடுவைப் போல வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டியவன்தான். அந்த மண்சரிவுக்குள் போய்க் கிடைக்காமலே போன பதினொரு பேரில் ஒருவன். அங்கிருந்து எது மேலே வந்தாலும் ஊரார் தொடுவதில்லை. உறவினரை அழைப்பார்கள், அவர்கள் கேழ்வரகுக் கள் ஊற்றி, காலால் உள்ளே தள்ளி மூடிவிடுவார்கள். கிடுடுவுக்கு இது நன்றாகத் தெரியும். ஆயினும் அன்று அவனுக்கு ஒரு மட்ஃபிளாப் தேவைப்பட்டது.

நான்கு மாதம் கோபித்துக்கொண்டு தாய்வீட்டில் இருந்த மனைவி கைன்சா, போன வாரம்தான் திரும்பி வந்திருந்தாள். அன்று மாலை தாய்வீட்டில் அவள் தங்கையை மாப்பிள்ளை வீட்டாருக்கு அறிமுகம் செய்யும் விருந்து. கிடுடுவின் பழைய வண்டியில் பின் மட்கார்டு பாதி துருவோடு உதிர்ந்திருந்தது. முன்பொரு முறை அதில் போய், முதுகெல்லாம் செஞ்சேற்றுக் கோடுகளுடன் பந்தலில் நின்றவள் அவள்.

"மட்ஃபிளாப் இல்லன்னா உன் வண்டில ஏற மாட்டேன். நானே அம்மா வீட்டுக்குப் போய் அங்கேயே இருந்துடுவேன், பாத்துக்க" என்று சொல்லியிருந்தாள்.

கிடுடு ரப்பரைப் பிடித்து இழுத்தான். உள்ளிருந்து யாரோ விட மனமில்லாமல் விட்டதுபோல… மெல்ல வந்தது.

வாடகை வண்டி ஸ்டாண்டில், கூட வண்டி ஓட்டும் வாமோனோ அதை முகர்ந்து பார்த்தான்.

"எங்கடா சுட்ட?"

"சந்தையில வாங்கினேன்."

"சந்தைச் சாமான்ல ஏன்டா குழி வாசம் அடிக்குது? கழுவித் தொலை!"

"நாலு தடவை கழுவிட்டேன்டா."

மட்கார்டின் பழைய துளைகள் துருவில் சேர்ந்து ஒன்றாகிவிட்டிருந்தன. சற்று மேலே, நல்ல தகட்டில் ஆணியை அடித்துக் கிடுடு இரண்டு புதுத் துளைகள் போட்டான். ரப்பர் கிழியாதிருக்கப் பழைய செருப்பில் வாஷர் வெட்டி, போல்ட்டை முறுக்கினான். யாரும் படித்துவிடாதபடி பெயரை டயர்ப் பக்கம் திருப்பி மாட்டினான். பிறகு வாமோனோவும் அவனும் சீட்டில் ஏறிக் குலுக்கிப் பார்த்தார்கள். டயருக்கும் ஃபிளாப்புக்கும் இரண்டு விரல் இடைவெளி நின்றது.

"ரெண்டு பேருன்னா கவலையில்ல. மூணாவது ஆள் ஏறினாத்தான் உரசும்" என்றான் வாமோனோ.

மாலை நான்கு மணி. மழை விட்டிருந்தது. தோள்கள் கூர்த்து நிற்கும், இடுப்பில் பட்டி முடிந்த மஞ்சள் கொமேசி உடையில், ஒருபக்கமாக உட்கார்ந்து வந்தாள் கைன்சா. ஏற்றம் வந்தபோது வண்டியை விட்டு இறங்கி நடந்தாள். மேலே வந்ததும் மறுபடி ஏறிக்கொண்டாள். முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே! ஒரு பொட்டு இல்ல" என்றாள். கிடுடுவுக்கு உச்சி குளிர்ந்தது.

சற்று தூரம் போனான்.

டப்… டப்… டப்…

ரப்பர் டயரில் உரசியது. வண்டியின் பின்பக்கம் அமுங்கியிருந்தது. பிளந்த மண்ணின் வாசம்… நசுங்கிய வாழைத்தண்டின் வாசம்…

"இன்னைக்குக்கூட வழியில ஆள் ஏத்தணுமா? உனக்கு அந்த ஆசை விடாதே!"

"யாரைடி ஏத்தினேன்?"

"விளையாடாத. பின்னாடி இருக்கிறவரத் தள்ளி உக்காரச் சொல்லு. ஈரக் கையால என் இடுப்பைப் பிடிச்சிருக்காரு… புதுத் துணி."

கண்ணாடியில் மஞ்சள் தோள் மட்டும் தெரிந்தது. அதற்குப் பின்னால் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. தூரத்தில் அந்த மண்சரிவு தெரிந்தது. கிடுடு வேகத்தைக் கூட்டினான்.

"எங்க… எங்க இறங்கணுமாம்?" என்று கேட்டுவிட்டான்.

அவள் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"பேச முடியல அவரால… வாய் நிறைய மண்ணு."

சரிவைக் கடந்தான். டப்… டப்…

நின்றுவிட்டது.

வண்டி இறகுபோல் இலேசாயிற்று. கிடுடு திரும்பிப் பார்த்தான். சீட்டில் எவரும் இல்லை. பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே வந்த வழியில் ஓடினான். ஈரச் சாலையில் அவன் டயர்த் தடம் ஒன்றே நீண்டு கிடந்தது. யாரும் விழுந்த அடையாளமோ நடந்த சுவடோ எங்கும் இல்லை.

ஊர் கூடி மூன்று நாள் தோண்டியது. ஒரு வருடப் புல் கலையாமல் நின்ற இடத்தில், எட்டடி ஆழத்தில் வதேயா கிடைத்தான். உட்கார்ந்த நிலை. இரு கைகளும் முன்னால் வளைந்து, விரல்கள் கோத்திருந்தன. கைன்சா கிடைக்கவில்லை.

முகோயா கடைசியாகச் சொன்னது, போனவற்றின் கணக்கு. அதையும் எழுதி நிறுத்திக்கொள்ள அனுமதிக்க வேண்டுகிறேன்.

கைன்சா, வயது இருபத்தாறு. மஞ்சள் கொமேசி ஒன்று. செருப்பு ஒரு ஜோடி. தாய்க்கு எடுத்துப்போன சர்க்கரை இரண்டு கிலோ. கொமேசியின் இடுப்புப் பட்டி ஒன்று. இது மட்டும் திரும்பக் கிடைத்தது, எட்டடி ஆழத்தில், அந்தக் கோத்த விரல்களுக்குள்… முடிச்சு அவிழாமல்.