ஆறப் பொறுக்காதவள்

— முந்நூறு கோப்பைடீ! ஒண்ணாவது முழுசா இருக்கா பாரு. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையா?

— சூளையை நான் திறக்கலக்கா.

— பின்ன, பேய் வந்து திறந்துச்சா? ரெண்டு நாள் ஆறணும், சூட்டோட காத்துப் பட்டா அத்தனையும் வெடிச்சிரும்னு வாய் ஓயாம சொல்றவளே நீதானே?

— அதைத்தான் நானும் கேக்கறேன். பன்னெண்டு வருசமா நெருப்பு என் பொறுப்பு. எனக்குத் தெரியாதா?

— இங்க பாரு, உன் அவசரம் ஊருக்கே தெரியும். எட்டாம் மாசமே குதிச்சு வந்தவ நீ. பொண்ணு பார்க்க வந்தவங்களை மாடியிலேர்ந்து எட்டிப் பார்த்துத் தண்ணித் தொட்டியில விழுந்தவ.

— விழுந்தது நெசம். ஆனா அவங்க உன்னைப் பார்க்க வந்தவங்க.

— சிரிக்காதே! பத்திக்கிட்டு வருது எனக்கு.

— கத்தாதேக்கா, தலைவலி கூடிடும். ரெண்டு நாளா கண்ணு வரைக்கும் இறக்கித் துண்டைக் கட்டிக்கிட்டுத் திரியற.

— இந்தத் தலைவலியே உன்னாலதான். மூணு வருசம்டீ, அந்த நீலப் பூச்சைக் கலக்கிக் கலக்கிப் பார்த்து! எப்படி வந்திருக்கோ, எப்படி வந்திருக்கோன்னு சோறு எறங்கல எனக்கு.

— தெரியுமே. நெருப்பை அணைச்ச பிறகும் சூளை வாசல்லயே உக்காந்திருந்த. நாளன்னைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து திறப்போம், போய்ப் படுன்னு நான்தான் அனுப்பி வெச்சேன்.

— இங்க பாரு, உங்க அத்தானும் நானும் பேசி முடிச்சிட்டோம். நாளையிலேர்ந்து நீ பட்டறைக்கு வர வேண்டாம். தங்கச்சி அவசரப்பட்டுத் திறந்துட்டான்னு, கோப்பை கேட்டிருந்த ஓட்டல்காரங்ககிட்டயும் சொல்லியாச்சு.

— என்னை ஒரு வார்த்தை கேக்காமயா?

— கேட்டா மட்டும் ஒத்துக்குவியாக்கும்!

— நீ கேட்டு எதுக்குக்கா நான் மாட்டேன்னிருக்கேன்?

— இப்ப அந்தப் பேச்சு எதுக்கு?

— சூளை வாசலைப் பார்த்தியா? மேல் வரிசையில நாலு செங்கல்லை உருவி, திரும்ப வெச்சுக் களிமண்ணைப் பூசியிருக்கு. கரி படிஞ்ச பக்கம் வெளியே தெரியுது. பன்னெண்டு வருசமா அடுக்கறவ அப்படியா வெப்பா?

— பதட்டத்துல வெச்சிருப்பே.

— பதட்டந்தான். கல்லை உருவினதும் அனல் மூஞ்சியில அறைஞ்சிருக்கும்ல?

— அதெல்லாம் எனக்கென்னடீ தெரியும்? பேச்சை வளர்க்காம சாவியைக் குடு.

— இந்தா. நீ உன் கையால என்னை வெளியே அனுப்புவேன்னு மட்டும் நான் நினைக்கலக்கா. போறேன். போறதுக்கு முன்னாடி அந்தத் துண்டை ஒரு தடவை அவுத்துக் காட்டு. உன் புருவம் ரெண்டும் அப்படியே இருந்தா, நான்தான் திறந்தேன்னு ஓட்டல்காரங்ககிட்ட நானே போய்ச் சொல்லிடறேன்.