சாயங்காலத்துத் தப்பு மேளம்

பொழுது சாயும் நேரத்தில் எவனாவது, தப்படித்து ஆள் கூட்டும் காலைப் பெரட்டுக்கு ஓடிப் பார்த்திருக்கிறீர்களா?

பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டம். ஜப்பான்காரன் ஆட்சியில் உப்புக்குக்கூட வரிசைதான். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து தப்பு மேளச் சத்தம் வருகிறது.

“ஏண்டி முனிம்மா, நேத்து உம் புருசன் அடிச்ச அடியில, பெரட்டுக்குத்தான் கூப்பிடுறாங்கன்னு எங்க ஆளு பால்வாளியத் தூக்கிக்கிட்டு ஓடிட்டாரு!”

“கள்ளு கேட்டுக் கை நடுங்குற நேரம்க்கா அது. தப்பு அடிச்சா நடுக்கம் அடங்குதாம். தைப்பூசத்துலேருந்து கடைப் பக்கமே போகல.”

“அதுக்கு லயமே செவிடாகணுமாடி?”

“சத்தம் நின்னாத்தான்க்கா எனக்குப் பயம்.”

அவள் சொல்லி வாய் மூடவில்லை, மேளம் நின்றுவிட்டது. முனிம்மா வரிசையை விட்டு விலகிக் கள்ளுக்கடைப் பாதையைப் பார்க்கிறாள்.

“நில்லுடி. மழை ஈரத்துல தோல் தளந்திருக்கும். நெருப்புல காட்டிக்கிட்டு இருப்பாரு.”

“இவ்ளோ நேரமாக்கா?”

“செத்த பொறு. சத்தம் கேட்டா ஓடுறதுக்கு எங்க ஆளும் வாளியோட வாசல்லதான் நிப்பாரு.”

உப்பு அளப்பவன் கூப்பிடுகிறான். யாரும் நகரவில்லை.

இப்போது மேளம் மறுபடியும் கேட்கிறது.