பனிக்கிடங்கின் கதவு

நடைக்கு வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது காலணியைத்தான். ஹார்ல்டன் மாளிகைத் தோட்டம் எந்த மாதத்திலும் வழுக்கும். அருங்காட்சியக நண்பர்கள் குழுவுக்காக இருபத்தாறு வருஷம் வரலாற்று நடை நடத்தியிருக்கிறேன் ஐயா. ஒருவர்கூட விழுந்ததில்லை.

நடையின் கடைசி இடம் பனிக்கிடங்கு. அந்தக் காலத்தில் கோடைக்காக ஏரிப் பனிக்கட்டியைச் சேமித்த நிலவறை. ஒரு மழை நாளில், கூட்டம் கொட்டாவி விட்டபோது, அங்கே ஒரு கதையை அவிழ்த்துவிட்டேன். 1790இல் ஒரு பணிப்பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள், மூன்று நாள் கதவைத் தட்டியே செத்தாள் என்று. அதன் பிறகு எல்லோரும் அதைக் கேட்கத்தான் வந்தார்கள்.

ஹெஸ்டர் பல்லார்டு போன வருஷம் குழுவில் சேர்ந்தார். தனியாக வாழும் பெண்மணி. பழைய ஆவணங்களைக் குடைந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"டெஸ்மண்ட், அந்தக் கிடங்கு கட்டினதே 1831ல தாங்க. வர்ற வியாழக்கிழமை குழுவுல நான் பேசறப்போ சொல்லியாகணும். உங்க பேரை இழுக்க மாட்டேன், கவலைப்படாதீங்க."

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஒவ்வொரு நடைக்கும் முந்தைய வெள்ளிக்கிழமை, வழிநடத்துபவரும், யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்ளக் கடைசி ஆளாக வருபவரும் பாதையை ஒருமுறை நடந்து பார்ப்பது எங்கள் வழக்கம். அந்த முறை கடைசி ஆள் ஹெஸ்டர். கிடங்குச் சாவி என்னிடம் இருந்தது. உள்சுவரில் ஆண்டு பொறித்த கல் இருக்கிறதாம். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நகலெடுக்க வேண்டும் என்றார்.

"இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்."

கைபேசி அந்தப் பையில் இருந்தது. நான் கதவைச் சாத்தினேன். பூட்டுக்குப் போன மாதம்தான் எண்ணெய் போட்டிருந்தேன், சுலபமாகத் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை இருபத்திரண்டு பேர் வந்தார்கள். ஹெஸ்டர் எங்கே என்று குழுத் தலைவி மேவிஸ் கேட்டார். சளி என்றேன். கிடங்கின் முன்னால் பணிப்பெண் கதையைத் தொடங்கியபோது உள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது. மெதுவாகத்தான். அது நிற்கும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருந்தேன், கேட்பவர்களுக்கு அவகாசம் தர வேண்டும் இல்லையா.

"அடப்பாவி, ஸ்பீக்கரை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று மேவிஸ் என் தோளில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கதவில் பதிலுக்குத் தட்டினார். உள்ளிருந்து வெகுநேரம் விடாமல் தட்டல் கேட்டது. பிறகு நாங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்த் தேநீரும் கேரட் கேக்கும் சாப்பிட்டோம். அன்று கேக் நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை பேச்சாளர் வரவில்லை. அவருக்குப் பதிலாக நானே பேசினேன்.

அடுத்த ஞாயிறு கூட்டம் இரட்டிப்பானது. தட்டல் கேட்கவில்லை என்று அவர்களுக்கு ஏமாற்றம். எனக்கு அப்படியில்லை. 1790, பணிப்பெண் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் தட்டித் தட்டிச் செத்தாள் என்பதை மட்டும் சொன்னேன். வரலாற்றில் ஆதாரமில்லாத ஒரு சொல்கூட இருக்கக் கூடாது என்பார் ஹெஸ்டர். அவர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.