கை வழுக்காத சரக்கறைக் காவலருக்கு

கோள்விட்டுக் கோள் சரக்கு சுமக்கும் இக்கப்பலின் ஆறு எந்திரங்கள் மீதும், என்றைக்கும் விடிந்தறியாத இவ்விருள் வெளியின் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறோம்: இம்மடலில் உள்ள ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒன்றிரண்டை நம்பச் சிரமமாக இருந்தால் அது சத்தியத்தின் குற்றம். எங்கள் குற்றம் அன்று.

சுமையறிந்த செம்மலே! கட்டிய கட்டு தளராத காவலரே! பார்த்த பார்வையிலேயே பெட்டியின் எடை சொல்லும் எங்கள் 'தராசு' அண்ணனே!

முப்பத்தோர் ஆண்டுகள்! தாங்கள் தும்மினால் கப்பல் இரண்டு பாகை திரும்பும். ஓட்டுநர் அதற்கும் இடம் விட்டே வழி வகுப்பார். தாங்கள் முறைத்த மூட்டை தானே எழுந்துபோய் மூலையில் ஒடுங்கிக்கொள்ளும். எடையென்பதே இல்லாத நடுவெளியில், இரும்புக் கம்பிக் கட்டொன்றைத் தோளில் வைத்துப் பார்த்து, "நாலு கிலோ குறையுதே, எவன்டா உருவினது?" என்று கேட்டீர்கள். உருவினவன் அழுதுகொண்டே கொண்டுவந்து வைத்தான்.

இத்தகைய தாங்கள், பதினேழு ஆண்டுகளாகச் சாப்பாட்டு மேசையில் வலக்கையை மடியில் போட்டுக்கொண்டு இடக்கையால் உண்கிறீர்கள். காரணம் கேட்டால், "இது வழுக்குன கை. இதால சோறு எடுக்க மாட்டேன்" என்கிறீர்கள். அது பிழை அண்ணே, பெரும்பிழை! நடந்ததைச் சொல்கிறோம், கேளுங்கள்.

சுண்டைக்காய் அளவு விண்கல்லொன்று சரக்கறைச் சுவரைத் துளைத்தது. கப்பலின் மூச்சுக்காற்றெல்லாம் அந்த ஓட்டை வழியே ஓடத் தொடங்கியது. உருளைக்கிழங்கு எடுக்கப்போன சமையற்காரரோ உள்ளே. தானாக மூட வந்த இரும்புக் கதவைத் தாங்கள் அந்த வலக்கை ஒன்றாலேயே தடுத்து நின்றீர்கள். மேலறையிலிருந்து நாங்கள், "விட்டுருங்கண்ணே, எல்லாரும் செத்துருவோம்!" என்று கத்தினோம். "மூட வேண்டியது உங்க வாயை. கதவை நான் பாத்துக்கறேன்" என்றீர்கள்.

நான்கு நிமிடமா? நாற்பது நிமிடம்! மீசை உறைந்து கண்ணாடியாய் ஒடிந்து விழுந்தது. கதவில் பதிந்த ஐந்து விரல் பள்ளங்களில் இன்றும் எங்கள் திருப்புளிகளைச் செருகி வைக்கிறோம். சமையற்காரர் சாவகாசமாக அழுகல் கிழங்கையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு, மூட்டையோடு நடந்து வந்தார். "என்னண்ணே, வழியை மறிச்சு நிக்கிறீங்க? அடுப்புல எண்ணெய் காயுது!" என்று தங்களையே கடிந்துகொண்டார். இன்று தங்கள் பணிநிறைவு விழாவுக்கு அவர் வராதது மூட்டுவலியால். மற்றபடி நலம்.

ஆகையால், தோள் தளராத தோழரே, அந்தக் கை வழுக்கவில்லை. நாளை தரையிறங்கி, வீட்டில் அண்ணி பரிமாறும் முதல் கவளத்தை அந்த வலக்கையால் எடுங்கள். நோயின்றி, நொடியின்றி, காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் குறைவின்றி நூறாண்டு வாழ்க!

இங்ஙனம்,
சமையற்காரர் உள்ளே இருக்கும்போதே, தாங்கள் தாங்கி நின்ற அந்தக் கதவை மேலறை விசையை அழுத்தி மூடிய தங்கள் உடன்பணியாளர் ஐவர்.